முதல் நாள் பாஸ், இரண்டாம் நாள் ரீவொர்க்

ஆள் எடுக்கும் பொறுப்பு புதிதாகத் தலையில் விழுந்தவர்களுக்காகக் கிண்டியில் ஒரு வார இறுதிப் பயிற்சி நடக்கிறது. சனிக்கிழமை முழுக்க இன்டர்வியூ எடுப்பது எப்படி என்பது, ஞாயிற்றுக்கிழமை நல்ல தலைமை என்றால் என்ன என்பது. ஆளுக்கு 6,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 7,670. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரி பாகங்கள் மெஷினிங் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்சார்ஜ். பணம் கட்டியது கம்பெனி. சொந்தக் காசாக இருந்தாலும் சனிக்கிழமைக்குக் கொடுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றாக யோசித்திருப்பேன். குறையும் சொல்லப்போவதால் நடத்துகிறவர்களின் பெயரை விட்டுவிடுகிறேன்.

இடம், சாப்பாடு பற்றி முதலில் முடித்துக்கொள்ளலாம். கிண்டி மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம். எங்கள் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் திருமங்கலத்தில் ஏறி ஆலந்தூரில் மாறினால் வேலை முடிந்தது. வண்டியை எடுத்து வந்தால் நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போய்விடும். ஏசி குளிர் எலும்பைத் தொடும், ஒரு துப்பட்டா கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு சுமார். காபி நன்றாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதிவு செய்ததுமே ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: "நீங்கள் எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களோ, அந்த வேலையின் சின்னத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள்." இதைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. நான் அளவெடுக்கும் கருவியான ஒரு வெர்னியரும், எங்கள் ஷாப்பில் ரிஜெக்ட் ஆன ஒரு புஷ்ஷும் (குழாய்த் துண்டு மாதிரி இருக்கும் பாகம்) எடுத்துப் போனேன். தி.நகர் ஜவுளிக்கடையில் ஃப்ளோர் மேனேஜராக இருக்கும் அண்ணன் ஒருவர் இரண்டு புடவைகளோடு வந்திருந்தார். போரூர் பக்கம் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்ளும் மேடம் தப்பாகப் போட்ட பில் ஒன்றைப் பெயரை மறைத்துக் கொண்டுவந்திருந்தார்.

காலை இரண்டு மணி நேரம் வகுப்பு. இன்டர்வியூ எடுப்பவர் செய்யும் வழக்கமான தப்புகளை ட்ரெய்னர் வரிசையாகச் சொன்னார். எட்வர்ட் தார்ன்டைக் 1920ல் எழுதிய கட்டுரையைப் பற்றி அதில்தான் வந்தது: ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழே இருப்பவர்களுக்கு மார்க் போட்டபோது, ஒரு குணத்துக்கு நல்ல மார்க் போட்ட ஆளுக்கு மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க் போட்டிருந்தார்கள். பையன் சட்டையை டக்-இன் செய்து, சர்டிஃபிகேட்டுகளை ஃபைலில் அடுக்கிக் கொண்டுவந்தால் அவனுக்கு வேலையும் தெரியும் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம் அல்லவா, அதேதான்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில் கேட்டு, முன்கூட்டியே எழுதிவைத்த அளவுகோலில் மார்க் போடும் முறைதான் நல்லது என்பதற்கு ஸ்லைடில் எண்கள் இருந்தன. ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998ல் வெளியிட்ட ஆய்வின் எண்கள் அவை: இப்படித் திட்டமிட்ட இன்டர்வியூவுக்கு 0.51, வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவுக்கு 0.38. ஆளைப் பற்றிய நம் கணிப்பும் பிறகு அவர் வேலை செய்யும் விதமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு இது. ஆனால் 2022ல் சாக்கெட்டும் மற்றவர்களும் செய்த மறு ஆய்வில் இரண்டுமே இறங்கிவிட்டன, 0.42, 0.19 என்று. அந்த ஸ்லைடு இல்லை. எண்களைக் காட்டிப் பேசுகிறவர் கடைசியாக வந்த எண்ணைக் காட்ட வேண்டாமா? இத்தனைக்கும் புது எண்கள் அவர் பேச்சுக்குத்தான் இன்னும் பலம். திட்டமிட்ட இன்டர்வியூதான் இப்போது பட்டியலில் முதலிடம். திட்டமில்லாததற்கும் அதற்கும் உள்ள இடைவெளி கூடியிருக்கிறது.

அப்புறம் கேள்வி எழுத வைத்தார்கள். நாலே நாலு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எப்படிப் பதில் வந்தால் 1, எப்படி வந்தால் 3, எப்படி வந்தால் 5 என்று முன்கூட்டியே எழுத வேண்டும். அனுபவம் உள்ளவரிடம் "அப்போது என்ன செய்தீர்கள்" என்று கேட்க வேண்டும், படிப்பு முடித்து நேராக வருகிறவரிடம் "இப்படி நடந்தால் என்ன செய்வாய்" என்று கேட்க வேண்டும். கேட்கும்போது சுலபம். எழுத உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும். நான் எழுதிய ஒன்று இது: "ஷிஃப்ட் முடியப் பத்து நிமிஷம் இருக்கிறது. கையில் இருக்கும் பீஸ் அளவு தாண்டிவிட்டது, அது உனக்கு மட்டும்தான் தெரியும். என்ன செய்வாய்?" ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை ஓட்டுவேன் என்றால் 1. சூப்பர்வைசரிடம் சொல்வேன் என்றால் 3. மெஷினை நிறுத்தி, கடைசியாகச் சரியாக வந்த பீஸ் எது என்று பின்னாலிருந்து தேடி, நடுவில் உள்ளதையெல்லாம் ரிஜெக்ட் போடும் சிவப்புப் பெட்டியில் போட்டு, அடுத்த ஷிஃப்ட்காரரிடம் சொல்லிவிட்டுப் போவேன் என்றால் 5. ட்ரெய்னர் இதைப் படித்துவிட்டு, "இந்த மூன்று பதிலையும் உங்கள் ஆபரேட்டர்களுக்கு என்றைக்காவது சொல்லியிருக்கிறீர்களா மேடம், அல்லது வருகிறவர்களுக்கு மட்டும்தானா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தலைமையைப் பற்றிப் பேசியதைவிட இந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிது.

மதியத்துக்கு மேல்தான் இந்தப் பயிற்சியின் உயிரே இருக்கிறது. மாதிரி இன்டர்வியூவுக்கு நடிக்க ஆள் வைக்கவில்லை. உண்மையிலேயே வேலை தேடிக்கொண்டிருக்கும் கடைசி வருஷ மாணவர்களைக் கூட்டி வந்திருந்தார்கள், டிப்ளமோவும் கலைக் கல்லூரியும் கலந்து. நாம் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து அவர்களைப் பார்க்க வேண்டும். பேசாமல் தனித்தனியாக மார்க் போட வேண்டும். குழுவில் வயதிலோ பதவியிலோ மூத்தவர் தன் மார்க்கைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். ஒரு உதவியாளர் பின்னால் நின்றுகொண்டு யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று ஸ்டாப்வாட்சில் குறித்துக்கொண்டே இருப்பார். தி.நகர் அண்ணன், பாவம், வந்த பெண்ணை விடத் தான்தான் அதிகம் பேசியிருந்தார். கடையின் பெருமை அத்தனை.

எங்கள் மேஜைக்கு மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். குரல் எழும்பவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கித் தடுமாறி நின்றாள். தமிழிலேயே சொல்லும்மா என்றேன். அப்போதும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. சரி என்று வெர்னியரையும் புஷ்ஷையும் கையில் கொடுத்து உள்விட்டம் எடுக்கச் சொன்னேன். அவள் புஷ்ஷைத் தொடவில்லை. முதலில் வெர்னியரின் தாடைகளைக் கர்ச்சீப்பால் துடைத்தாள். மூடினாள். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தாள். சைபரும் சைபரும் நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். அதற்கப்புறம்தான் புஷ்ஷை எடுத்து ஒரு இடத்தில் அளந்து, திருப்பி இன்னொரு இடத்திலும் அளந்து, "மேடம், இது ஓவல் ஆகியிருக்கு" என்றாள். அது ரிஜெக்ட் ஆனதே அதனால்தான்.

மார்க்கைத் திறந்தோம். நான் 5. ஆஸ்பத்திரி மேடம் 4. மூன்றாமவர் ஒரு ஐடி கம்பெனி டீம் லீட், அவர் 2. "கம்யூனிகேஷன் வீக்" என்று எழுதியிருந்தார். குவாலிட்டியில் இருப்பவர்களுக்கு கேஜ் ஆர் அண்ட் ஆர் தெரியும். ஒரே பீஸை ஒரே கேஜால் வேறு வேறு ஆட்கள் அளந்து பார்ப்பது. மாறுபாடு 10 சதவீதத்துக்குள் என்றால் நல்ல அளவு முறை, 30ஐத் தாண்டினால் பீஸைக் குறை சொல்லாதே, அளக்கும் முறையைச் சரிசெய் என்போம். அந்தப் பெண் ஒன்றுதான். நாங்கள் மூன்று பேரும் வேறு வேறு அளவு சொன்னோம். டீம் லீடும் நியாயமான ஆள்தான், ஷீட்டில் "தகவல் தொடர்பு" என்ற வரிக்கு நாங்கள் யாருமே அளவுகோல் எழுதவில்லை என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். மெஷின் ஆபரேட்டருக்கு அந்த வரி எதற்கு என்று பேசிப் பேசிக் கடைசியில் அதை அடித்துவிட்டோம்.

இதற்கு அடுத்ததுதான் வேறு எங்கும் கேள்விப்படாதது. மாணவர்கள் நமக்கு மார்க் போட்டார்கள். பெயர் இல்லாத சீட்டுகள். ட்ரெய்னர் உரக்கப் படித்தார். "போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்." "நான் பதில் சொல்லும்போது இன்னொருவரிடம் சிரித்தார்." "தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்." "கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள்." இந்தக் கடைசிச் சீட்டு வந்ததும் ட்ரெய்னர் நிறுத்தி விளக்கினார். மகப்பேறு விடுப்பு 2017 திருத்தத்தில் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக ஆன பிறகு இந்தக் கேள்வி வேறு வேறு வேஷத்தில் வருகிறது என்றார். ஆள் எடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்பது 1976 சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது, 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் உண்டு என்றார். தெளிவாக, பயமுறுத்தாமல் சொன்னார்.

ஆனால் இன்னொரு சீட்டும் வந்தது. "எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னேன். ஊரில் எங்கே என்று கேட்டார்கள்." இதைப் படித்ததும் ட்ரெய்னர், "ஊர் கேட்பது பேச்சைத் தொடங்க ஒரு வழி, அதை நட்பாகக் கேட்கலாம்" என்று சொல்லி அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அறையில் இருந்த எல்லோருக்கும் அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று தெரியும். ஊர், அப்புறம் தெரு, அப்புறம் அப்பா என்ன செய்கிறார், அப்புறம் குலதெய்வம். சாதி என்ற சொல்லைச் சொல்லாமலே சாதியைக் கேட்டு முடித்துவிடலாம். கல்யாணக் கேள்விக்குச் சட்டம், வருஷம் எல்லாம் சொன்னவர் இதற்கு ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை. டீ இடைவேளையில் போய்க் கேட்டேன். "சென்சிடிவ் சப்ஜெக்ட் மேடம், எல்லாத் தரப்பும் வருகிறார்கள்" என்றார். எல்லாத் தரப்பும் வருவதால்தானே சொல்ல வேண்டும்? தமிழ்நாட்டில் இன்டர்வியூ பயிற்சி நடத்துகிறவர் இதைத் தாண்டிப் போவது எனக்கு ஒப்பவில்லை. இந்த விமர்சனத்தில் நான் மார்க் குறைப்பது முக்கியமாக இதற்காகத்தான், ஏசிக்காக இல்லை.

இன்னொன்று. அந்த மாணவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தேன். சாப்பாடு, போக்குவரத்துச் செலவு, ஒரு சான்றிதழ். நாம் 7,670 கொடுத்து உட்காருவதே அவர்கள் முன்னால்தான். கையில் ஒரு ஆயிரமாவது கொடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பலூன் ஊதச் சொன்னார்கள். நான்கு நிறத்தில் நம் குணம் எது என்று ஒரு டெஸ்ட், நான் நீலமாம். "பாஸிட்டிவ் லீடர்" என்று மூன்று முறை கைதட்டச் சொன்னார்கள். எமி எட்மண்ட்சன் 1999ல் எழுதிய ஆய்வு, தப்பைப் பயமில்லாமல் சொல்ல முடிகிற டீம் பற்றியது, அது மட்டும் ஒரு ஸ்லைடில் வந்து உடனே போய்விட்டது. ரிஜெக்‌ஷனை மறைக்கும் ஆபரேட்டர்களோடு மல்லுக்கட்டும் என் போன்ற ஆளுக்கு அதுதான் அரை நாள் வேண்டும்.

அந்த நாளில் உருப்படியாகக் கிடைத்தது தி.நகர் அண்ணன் சொன்னதில்தான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு அரசு, 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியதல்லவா, அது வந்ததும் அவர்கள் கடையிலும் ஸ்டூல் வாங்கிப் போட்டார்களாம். யாரும் உட்காரவில்லையாம். ஏன் என்று பார்த்தால், உட்கார்ந்த பெண்ணை சூப்பர்வைசர் ஒன்றும் சொல்ல மாட்டார், வெறுமனே பார்ப்பார். அந்தப் பார்வை போதும். "அப்புறம் நானே ஆள் இல்லாத நேரத்தில் ஃப்ளோரில் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பிச்சேன். ஒரு வாரத்தில் எல்லாரும் உட்கார்ந்தாங்க" என்றார். ட்ரெய்னர் இதைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் உங்கள் இடத்தில் எதைச் செய்து காட்டினால் மற்றவர்கள் தைரியமாகச் செய்வார்கள் என்று ஒவ்வொருவரையும் எழுத வைத்தார். அந்த முக்கால் மணி நேரம் நன்றாக இருந்தது. மீதி நேரம் பலூன்தான்.

திரும்பி வந்த பிறகு எங்கள் ஷாப்பில் வெர்னியர் டெஸ்ட் நிலைத்துவிட்டது. அனுபவம் உள்ளவர் என்று வருகிறவர்களில் பலர் சைபர் பார்ப்பதில்லை. எம்டி கடைசியில் மார்க் சொல்வது மட்டும் இன்னும் கைகூடவில்லை. வாயால் சொல்ல மாட்டார், முகத்தில் சொல்லிவிடுவார்.

யார் போகலாம் என்றால், லைன் சூப்பர்வைசர், கடை மேனேஜர், ரிசப்ஷன் ஹெட் மாதிரி ஹெச்ஆர் படிக்காமல் ஆள் எடுக்க உட்காருகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஹெச்ஆர் படித்தவர்களுக்குக் காலை வகுப்பு தெரிந்ததாக இருக்கும், மதியம் இருக்காது. வகுப்பு தமிழும் ஆங்கிலமும் கலந்து நடக்கிறது, பயப்பட வேண்டாம். சனிக்கிழமைக்கு மட்டும் தனியாகக் கட்ட முடியுமா என்று கேட்டேன். இரண்டும் சேர்த்துத்தான் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் சான்றிதழ் கிடையாதாம், பில் மட்டும் கிடைக்குமாம்.