ஆங்கிலம் விளங்கியதா என்று பார்ப்பது எப்படி: ஒரு வன்னி வகுப்பறை ஒப்பீடு

கார்த்திகை மாதத்துக் காலை ஒன்று. தரம் 10 பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கேட்டல் பரீட்சை. என்னோடு படிப்பிக்கும் தம்பி ஒருவர் இணையத்தில் இறக்கிய ஒலிப்பதிவைப் போனில் வைத்து, சின்ன புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை மேசையில் நிறுத்தியிருந்தார். முதல் உரையாடல் பாதிதான் போயிருக்கும், தகரக் கூரையில் மழை இறங்கியது. ஸ்பீக்கரின் சத்தத்தை முழுதாகக் கூட்டினோம். கடைசி வாங்கில் இருந்த பிள்ளை கையை உயர்த்திக் கேட்டது: "ரீச்சர், அவை இங்கிலீசிலதானே கதைக்கினம்?"

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் திருத்தும்போது சிரிப்பு வரவில்லை. முன் வாங்குப் பிள்ளைகளுக்குக் கூடிய புள்ளி, பின்னால் போகப்போகக் குறைந்த புள்ளி. யாருக்கு ஆங்கிலம் விளங்கியது என்பதை அந்தத் தாள்கள் சொல்லவில்லை, யார் எங்கே இருந்தார்கள் என்பதைத்தான் சொல்லின.

அதற்குப் பிறகு இரண்டு தவணை நாங்கள் இருவரும் ஒவ்வொரு முறையாக வைத்துப் பார்த்தோம். அவர் ஒலிப்பதிவுக் கட்சி, நான் ரீச்சரே வாசிக்கும் கட்சி. வாசிப்பில் அவர் பல்தேர்வு, நான் தமிழில் பதில். சண்டை போட்டது நிறைய, மனம் மாறியதும் நிறைய. எனக்கு இருந்த அளவுகோல் ஒன்றுதான். பரீட்சை முடிந்த பிறகு, பிள்ளைக்கு எந்த இடத்தில் விளங்கவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். புள்ளியை மட்டும் தரும் பரீட்சை என் கணக்கில் அரைப் பரீட்சை.

நான் படிப்பித்து வந்த காலம் முழுக்க க.பொ.த. சாதாரண தர ஆங்கிலத்தில் இரண்டு வினாத்தாள்கள், ஒரு மணித்தியாலமும் இரண்டு மணித்தியாலமும். இரண்டும் எழுத்துத்தான், காதுக்கு வேலையில்லை. அப்படியென்றால் கேட்டலை ஏன் சோதிக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, விவசாய பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. நம் பிள்ளைகள் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தமிழில் படித்து, நல்ல புள்ளி எடுத்து அங்கே போகிறார்கள். முதல் நாள் விரிவுரை ஆங்கிலத்தில் தொடங்குகிறது. அங்கே யாரும் பந்தியை அச்சடித்துக் கையில் கொடுப்பதில்லை.

சரி, கேட்டல். தென்கொரியாவின் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 45 வினாக்கள், அதில் 17 கேட்டல். அந்தப் பகுதி நடக்கும் நேரத்தில் நாடு முழுவதும் விமானங்கள் ஏறவும் இறங்கவும் விடமாட்டார்கள். ஜப்பானில் 2006இல் கேட்டல் பகுதியைக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு பரீட்சார்த்திக்கும் தனித்தனியாக ஒரு சின்ன ஒலிக்கருவியும் காதில் மாட்டும் இயர்போனும் கொடுத்தார்கள். நமக்கு விமானத் தொல்லை இல்லை. மழையும், வீதியில் போகும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும், மதிலில் ஏறி நின்று அகவும் மயிலும்தான். அதை நிறுத்தச் சொல்லி யாரிடம் மனுக் கொடுப்பது?

ஒலிப்பதிவின் பலம், எல்லோருக்கும் ஒரே குரல், ஒரே வேகம். இரண்டாம் முறை போட்டாலும் அதேதான். இரண்டு வகுப்புகளை ஒப்பிட வேண்டுமென்றால் இதைவிட நேர்மையான வழி இல்லை. பலவீனம் மேலே சொன்னதுதான். கரண்ட், சார்ஜ், கூரை, கடைசி வாங்கு.

ரீச்சர் வாசித்தால் இந்தத் தொல்லைகள் பாதி குறையும். மழை வந்தால் நிறுத்தலாம், நடுவில் வந்து நிற்கலாம். என் கட்சி இதுதான் என்று சொன்னேன். ஒரு நாள் தம்பி நான் வாசிப்பதைப் போனில் பதிந்து எனக்கே போட்டுக் காட்டினார். விடை வரும் இடத்தில் என் குரல் தானாக மெதுவாகிறது. முக்கியமான சொல்லை இழுக்கிறேன். கண்ணும் வகுப்பின் பக்கம் போயிருக்கும், சந்தேகமில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கேட்கவில்லை, என்னைத்தான் வாசித்திருக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து வருடம் ஒரே ரீச்சரிடம் படித்த பிள்ளைக்கு அந்த ரீச்சரின் ஆங்கிலம் விளங்கும். வேறு யாராவது கதைத்தால் விளங்குமா என்பது வேறு கேள்வி.

கடைசியில் இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றோம். வேறு பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கும் தெரிந்தவர்களிடம் ஒரு நிமிடக் குரல் பதிவை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கினோம். அவர்கள் நம் நாட்டு ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், ஆனால் பிள்ளைகளுக்குப் புதிய குரல்கள். 32 பிள்ளைகளையும் ஒரேயடியாக இருத்தாமல் மூன்று குழுவாக்கினோம். ஒரு குழு ஸ்பீக்கரைச் சுற்றி, மற்ற இரண்டும் பக்கத்து அறையில் வாசிப்புத் தாளோடு. முதல் குழு வெளியே வந்ததும் விடைகள் காற்றில் பறக்கும் என்பதால் பதிவு மூன்று, விடைகளும் மூன்று விதம். ஒன்றில் பஸ் நாலே காலுக்கு, இன்னொன்றில் நாலரைக்கு. கூட வேலைதான். ஆனால் அந்தப் புள்ளிகளை நான் நம்புகிறேன்.

ஒரு முறை கேட்கச் செய்வதா, இரண்டு முறையா? ஐஈஎல்டிஎஸ் பரீட்சையில் ஒரே முறைதான் ஒலிக்கும். கேம்பிரிட்ஜின் ஏ2 கீ பரீட்சையில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை போடுவார்கள். ஜப்பானியர் 2021இலிருந்து இரண்டையும் கலந்து வைக்கிறார்கள். தம்பி ஒரு முறை போதும் என்றார், வாழ்க்கையில் யாரும் இரண்டு முறை சொல்வதில்லையாம். சொல்கிறார்களே, நான் அவரிடம் எத்தனை தடவை ஒன்றையே சொல்கிறேன்! கடைசியில் இரண்டு முறை என்று முடிவாயிற்று, ஆனால் முதல் முறை பென்சிலால் எழுத வேண்டும், இரண்டாம் முறை பேனையால் திருத்த வேண்டும், அழிக்கக் கூடாது. இந்தச் சின்ன மாற்றத்தால் கிடைத்ததுதான் எனக்கு மிகப் பெரிய இலாபம். பென்சில் விடை பிழை, பேனை விடை சரி என்றால் பிள்ளைக்குச் சொற்கள் தெரியும், வேகம்தான் காணாது. இரண்டும் பிழை என்றால் வேறு வைத்தியம்.

சொல்வதெழுதலையும் வைத்துப் பார்த்தோம். செலவில்லை, பழைய முறை, ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும். காது எங்கே தவறுகிறது என்பதை அது அப்படியே காட்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குறில் நெடில் பழக்கம், அதனால் 'லிவ்', 'லீவ்' பெரும்பாலும் தப்பாது. அகப்படுவது 'கோட்'டில்தான். ஒன்று உடுப்பு, மற்றது ஆடு. பாருங்கள், தமிழில் எழுதும் நானே இரண்டையும் ஒரே மாதிரித்தான் எழுத வேண்டியிருக்கிறது. 'பிஃப்டீன்', 'பிஃப்டி' இன்னொரு பொறி. இறந்தகால வினைகளின் கடைசி ஒலி காதில் விழுவதேயில்லை. ஆனால் ஒரு பிள்ளை வசனம் முழுவதையும் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிவிட்டு, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் விழிக்கும். இன்னொன்று எல்லாம் விளங்கி, எழுத்துக்கூட்டலில் கோட்டை விடும். ஆகவே அது காதைப் பழக்க நல்லது, கிரகித்தலை அளக்க ஆகாது.

எழுதவே தேவையில்லாத முறை ஒன்று உண்டு, வரைபடம். வழி சொல்லும் பதிவைக் கேட்டுப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு போக வேண்டும். நான் மாங்குளம் சந்தியையே வரைந்தேன். வடக்கும் தெற்கும் ஏ9, கிழக்கே முல்லைத்தீவு வீதி, மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கம், புகையிரத நிலையம். முழு வகுப்பும் சரியாகப் போட்டுவிட்டது. பெருமையாக இருந்தேன், அரை மணித்தியாலத்துக்கு. பிறகுதான் உறைத்தது, நிலையம் எங்கே என்று அறிய இவர்களுக்குப் பதிவு எதற்கு? அடுத்த முறை இல்லாத ஊர் ஒன்றை வரைந்தேன், பிழையாகத் திரும்பிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. இடப்பக்கம், வலப்பக்கம் தெரியாதவர்கள் யார், 'பாஸ்ட்' என்றால் கடந்து போவது என்று தெரியாதவர்கள் யார் என்று ஒரு பார்வையிலேயே பிரிக்க முடிந்தது.

வாசிப்புக்கு வந்தால், பல்தேர்வு வினா திருத்த இலகு. அரை மணித்தியாலத்தில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும், தம்பி அதை விட்டுக்கொடுக்காததற்குக் காரணமும் அதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 20 வினா, ஒவ்வொன்றுக்கும் நாலு தெரிவு. பந்தியைத் திறந்தே பார்க்காமல் குருட்டாம்போக்கில் கீறினாலும் சராசரியாக 5 சரிவரும். சாதாரண தரத்தில் 'எஸ்' எடுக்க 35 புள்ளி, அதாவது 20இல் 7. குருட்டாம்போக்கில் 7 அல்லது அதற்கு மேல் வருவதற்கு நூற்றுக்கு 21 அளவில் வாய்ப்பு இருக்கிறது. 30 பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கீறினால் 6 பேர் வரை சித்தி! தெரிவை மூன்றாகக் குறைத்தால் பாதி வகுப்புக்கு மேல் சித்தி. சரி, பிழை என்று மட்டும் கேட்கும் வினாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஆதார வசனத்தின் இலக்கத்தையும் எழுதச் சொன்னால் மட்டும் கொஞ்சம் பயன் உண்டு.

ஆங்கிலத்திலேயே சிறு விடை எழுதச் சொல்வது நம் கடந்தகால வினாத்தாள்களில் பழகிய முறை. அதற்கு ஒரு வியாதி இருக்கிறது. 'த பிளோர்க் வாஸ் ஸ்னோர்பிங் இன் த டாங்க்.' இதில் இரண்டு சொல் நானே செய்தவை, எந்த அகராதியிலும் இல்லை. 'வேர் வாஸ் த பிளோர்க் ஸ்னோர்பிங்?' என்று கேட்டேன். ஒரு பிள்ளையும் தடுமாறவில்லை. எல்லோரும் 'இன் த டாங்க்' என்று எழுதி முழுப் புள்ளி எடுத்தார்கள். வினாவில் இருக்கும் சொல்லைப் பந்தியில் தேடி, பக்கத்தில் இருப்பதைத் தூக்கிவைக்கும் வித்தையை எட்டாம் வகுப்பிலேயே பழகிவிடுகிறார்கள். பழக்கியது நாங்கள்தான்.

இடைவெளி நிரப்புதலைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1953இல் டெய்லர் என்பவர் குளோஸ் முறையைக் கொண்டுவந்தது, ஒரு பந்தி எவ்வளவு இலகு அல்லது கடினம் என்று அளப்பதற்குத்தான். இன்றைக்கும் எனக்கு அதற்குத்தான் உதவுகிறது. ஏழாவது ஏழாவது சொல்லாக எடுத்துவிட்டு வகுப்புக்குக் கொடுத்தால் பந்தி இவர்களுக்குப் பொருந்துமா என்று தெரிந்துவிடும். பிள்ளை எதை விளங்கவில்லை என்பது அதில் தெரியாது.

இனி என் கட்சி: ஆங்கிலத்தில் பந்தி, ஆங்கிலத்தில் வினா, தமிழில் பதில். தம்பி முதல் நாளே சொன்னார்: "அக்கா, ஓ.எல்லில தமிழில எழுதினா முட்டைதான்." உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விவசாயம் பற்றிய ஒரு பந்தியில் 'அன்லெஸ் இட் ரெய்ன்ஸ், த ஃபார்மர்ஸ் வில் நாட் சோ' என்று ஒரு வசனம் இருந்தது, மழை பெய்யாவிட்டால் விதைக்க மாட்டார்கள் என்று பொருள். பல்தேர்வில் அந்த வினாவை வகுப்பில் பெரும்பாலானோர் சரியாகவே கீறியிருந்தார்கள். அதையே தமிழில் எழுதச் சொன்னபோது பதினொரு பேர் "மழை பெய்தால் விதைக்க மாட்டார்கள்" என்று எழுதினார்கள். 'அன்லெஸ்' என்ற ஒரு சொல்லைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். நான் பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பிழை இது. ஆங்கில விடையில் அது ஒருபோதும் தெரிந்திராது.

இன்னும் வேடிக்கை, ஒரு பையன் எழுந்து பந்தியே பிழை என்றான். "எங்கட அப்பா மழைக்கு முன்னமே புழுதியில விதைப்பார் ரீச்சர்." காலபோகத்துக்குப் புழுதி விதைப்பு இங்கே வழமைதான். பந்தி எழுதியவருக்கு வன்னி தெரியாது, அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதிலுக்கு நான் என்ன புள்ளி போட்டேன் என்று கேட்காதீர்கள்.

தமிழில் பதிலின் பலவீனம் நேரம். 32 தாளைத் திருத்த எனக்கு இரண்டு பின்னேரம் வேண்டும். அதோடு தமிழ் நன்றாக எழுதும் பிள்ளைக்குக் கை நழுவிப் புள்ளி கூடிவிடும். இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு வினாவுக்கும் எந்தக் கருத்து இருந்தால் ஒரு புள்ளி என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டு திருத்துவது.

பந்தியின் விடயமும் முறையளவுக்கு முக்கியம். இலண்டன் நிலக்கீழ் ரயில் பற்றிக் கொடுத்தால் சொல் தெரிந்த பிள்ளையும் தடுமாறும், கண்ணால் கண்டதில்லை. இரணைமடுக் குளம் பற்றிக் கொடுத்தால் வாசிக்காமலே எழுதிவிடும். இப்போது நாங்கள் புதிய பந்தி ஒன்றைப் பாவிப்பதற்கு முன்னர், பந்தியை மறைத்துவிட்டு வினாக்களை மட்டும் வேறு வகுப்பில் ஐந்து பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். அவர்கள் சரியாகச் சொல்லிவிடும் வினாக்களைக் கழித்துவிடுவோம். முதல் தடவை பத்து வினாவில் மிஞ்சியது ஆறு.

பல்தேர்வை முழுதாகக் கைவிட்டோம் என்று சொல்ல முடியாது. தவணைப் பரீட்சைக்கு அது போதும், வகுப்புக்கு வகுப்பு ஒப்பிடலாம், தம்பிக்கும் நிம்மதி. மாதம் ஒரு முறை ஒரே ஒரு பந்திக்குத் தமிழில் பதில், அதை நான் திருத்துகிறேன்.

கேட்டலையும் வாசிப்பையும் ஒரே பதிவில் இணைத்துப் பார்த்தது கடைசியாக வந்த யோசனை, அது தம்பியுடையது. கேட்டல் பரீட்சை முடிந்து ஒரு கிழமை கழித்து, அதே பதிவின் எழுத்து வடிவத்தைத் தாளில் கொடுத்து அதே வினாக்களைக் கேட்பது. வாசித்தும் விளங்கவில்லை என்றால் சொல்லும் இலக்கணமும் காணாது. வாசித்தால் விளங்கி, கேட்டால் விளங்காவிட்டால் காதுக்கு மட்டும்தான் வேலை. அந்த மழை நாள் பதிவையே முதலில் எடுத்தோம், வீணாய்ப் போன பரீட்சை தானே என்று. கடைசி வாங்குப் பிள்ளை எட்டு வினாவில் ஏழு சரி. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது:

"இதையே ரீச்சர் அண்டைக்குச் சொன்னவை?"