துணிக்கூரைக்கு எந்தப் பொத்தான்: லிஃப்ட்-தி-டாட், டெனாக்ஸ்?

எம்ஜி, டிரயம்ப் போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் துணிக்கூரையைப் புதுப்பிப்பவர்கள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். சட்டையில் தைக்கும் டிச் பட்டன் வகை இங்கே ஆகாது. எந்தப் பக்கம் இழுத்தாலும் அது கழன்றுவிடும், காற்றோ துணியைத் தூக்கிக்கொண்டே இருக்கும்.

லிஃப்ட்-தி-டாட் மூன்று பக்கம் பூட்டிக்கொள்ளும். புள்ளி பொறித்த நான்காவது பக்கத்தைத் தூக்கினால்தான் திறக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களின் பைகளிலும் இது இருந்தது. ஆனால் திசை பார்த்துப் பொருத்த வேண்டும். துணி இழுபடும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் புள்ளி அமைய வேண்டும். துணியில் நடுத்துளையோடு, பொத்தானின் உலோகக் கால்கள் நுழையக் கீறல்களும் தேவை. அந்தக் கால்களைத் துணியின் மறுபக்கம் வைக்கும் தகட்டின்மேல் மடக்கிய பிறகு மாற்றுவது பெரும் தொல்லை.

டெனாக்ஸில் குமிழை மேலே இழுத்தால்தான் உள்ளிருக்கும் பிடி தளரும். பக்கவாட்டு இழுப்புக்கு அது அசையாது. வட்டமாக ஒரே துளை போதும்; தலை மரையில் இறுகுவதால் பழுதானால் கழற்றி வேறொன்றைப் போடலாம். குமிழ் சற்றுத் துருத்தி நிற்கும், அவ்வளவுதான்.

என் கை டெனாக்ஸுக்கே போகும். அசல் தோற்றத்தில் பிடிவாதம் உள்ளவர்கள் தொழிற்சாலை பொருத்தியதையே தேடட்டும். எதுவானாலும், வினைல் கூரையை வெயிலில் இளகவிட்டு, இழுத்துப் பிடித்த பிறகே துளையிடுங்கள். குளிரில் அளந்தால் கோடையில் தொங்கும்.