படம் நிற்குது, எண் வருது: ஒரு கேமரா மென்பொருளோடு குப்பை கொட்டிய அனுபவம்

பர்மாவின் மோல்மேனில் பருப்பு மில் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "தம்பி, உங்க உளுந்துத் தட்டு மேசையில் ஓடுதே அந்தக் கேமரா மென்பொருள், விலையைக் குறைச்சிட்டாங்களாமே, வாங்கலாமா?" நான் சொன்ன பதிலில் பாதி திட்டாகவே போய்விட்டது. அவருக்கும் அவரைப் போல யோசிப்பவர்களுக்கும் கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். பெயர் வேண்டாம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பாதி படிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கள் வேலை ரங்கூனில். சென்னைக்குக் கப்பல் ஏறும் உளுந்துக்கு மாதிரி பார்ப்பது. நிறம் பார்த்து மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தள்ளும் சார்டெக்ஸ் இயந்திரம் வேறு, இது வேறு. ஒரு கை உளுந்தை வெள்ளைத் தட்டில் பரப்பி, மேலிருந்து படம் எடுத்து, உடைசல் எத்தனை, பூச்சி அரித்தது எத்தனை, மண் எத்தனை என்று எண்ண வேண்டும். சரக்கு எஃப்.ஏ.க்யூ-வா (சராசரித் தரம்) எஸ்.க்யூ-வா (உயர்ந்த தரம்) என்று தரகர்கள் சண்டை போடும்போது நடுவில் நிற்பது இந்த எண்தான். 5 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைக் கேமரா, ஜிகாபிட் ஈதர்நெட் கேபிள், கேமராவுக்குக் கரண்டும் அதே கேபிளில். எண்ணுகிற நிரல் நாங்கள் எழுதியது. கேமராவிலிருந்து படத்தை வாங்குவதும் திரையில் காட்டுவதும் விலைக்கு வாங்கிய இந்த மென்பொருளின் பொறுப்பு.

முதலில் நல்லது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, மௌஸைப் படத்தின் மேல் வைத்தால் அந்தப் புள்ளியின் உண்மையான மதிப்பைக் காட்டுவது. அற்பமாகத் தெரியும். ஆனால் உளுந்து பார்ப்பவனுக்கு இது அற்பமில்லை. உளுந்தும் கறுப்பு, கரிசல் மண் உருண்டையும் கறுப்பு. கேமரா 12 பிட்டில் தரும்போது மதிப்பு 0 முதல் 4095 வரை போகும். திரை காட்டுவதோ 0 முதல் 255 வரைதான். உளுந்து 300, மண் 380 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திரைக்காக 8 பிட்டாகச் சுருக்கினால் 18, 23. கண்ணுக்கு இரண்டும் ஒரே இருட்டு. பல மென்பொருள்கள் சுருக்கிய எண்ணையே காட்டி ஏமாற்றும். இது 300, 380 என்றே சொல்கிறது. அதோடு, 200 முதல் 600 வரை மட்டும் திரை முழுக்க விரித்துக் காட்டு என்றால் காட்டுகிறது. சேமிக்கும் படத்தை அது தொடுவதே இல்லை. மண் உருண்டை சாம்பல் நிறத்தில் தனியாக எழுந்து நின்ற அன்று எங்கள் பையன்கள் கைதட்டினார்கள்.

அப்புறம், எந்த நிறுவனக் கேமராவோடும் ஒரே மாதிரி பேச வைக்கும் ஜென்ஐகேம் என்ற பொதுத் தரத்தை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்கள். கேமராவுக்குள்ளேயே இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்து, எந்த வசதிக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்கிறது. வேறு நிறுவனத்துக் கேமராவை மாட்டினோம், நிரலில் ஒரு வரி மாற்றவில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது விளக்கு வெளிச்சம் துடிப்பதை இதன் தலையில் கட்டமாட்டேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு எக்ஸ்போஷரை 10 மில்லி வினாடியின் மடங்காக வைத்தால் சரியாகும். ஜெனரேட்டர் 50-இல் நிற்காவிட்டால் மென்பொருள் என்ன செய்யும்? நேர்மின்சாரத்தில் எரியும் எல்இடிக்கு மாறுங்கள்.

இனி என் வயிற்றெரிச்சல்.

கேமராவின் தொடர்பு அறுந்தால் இது வாயே திறப்பதில்லை. கடைசியாக வந்த படம் திரையில் அப்படியே நிற்கிறது. அது மட்டுமென்றால் பொறுத்துக்கொள்வேன். படத்தைக் கொடு என்று நம் நிரல் கேட்டால், அந்தப் பழைய படத்தையே எடுத்து நீட்டி 'வெற்றி' என்று பதில் சொல்கிறது. சரியான பூம்பூம் மாடு. தெருவைப் பார்க்கிற கேமரா என்றால் வண்டிகள் நின்றுவிட்டன என்று உடனே தெரியும். உளுந்துத் தட்டில் எப்படித் தெரியும்? ஒரு தட்டு மாதிரியேதான் அடுத்த தட்டும் இருக்கும்.

ஒருநாள் கரண்ட் போனது. கணினி யூபிஎஸ்ஸில் இருந்ததால் தப்பியது, கேமரா கேபிள் செருகியிருக்கும் நெட்வொர்க் சுவிட்ச் செத்தது, கூடவே கேமராவும். கரண்ட் வந்த பிறகு அடுத்தடுத்து மூன்று தட்டு. மூன்றுக்கும் உடைசல் ஒரே சதவீதம், தசமம்கூட மாறவில்லை. "சயா (பர்மிய மொழியில் ஐயா), இன்னைக்கு சரக்கு ரொம்ப சீரா இருக்கே" என்றான் மேசைப் பையன். தரகருக்கு ஏக சந்தோஷம். நான் தட்டின் மேல் கையை நீட்டினேன். திரையில் கை வரவில்லை.

சுவிட்சையும் யூபிஎஸ்ஸில் போட்டால் போச்சு என்பீர்கள். போட்டோம். ஆனால் மில்லின் அதிர்வில் கேபிள் முனை தளர்ந்தாலும் இதே கதைதான். இத்தனைக்கும் ஈதர்நெட் கேபிளில் ஓடும் கேமராக்களுக்கான ஜிகி விஷன் தரத்தில் இதற்கு வழி இருக்கிறது. கணினியும் கேமராவும் சில வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறாயா' என்று கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. பதில் வராதது இந்த மென்பொருளுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் சொல்வதில்லை. எழுதிக் கேட்டதற்கு, படம் மினுங்காமல் இருக்க வேண்டுமென்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறோம் என்று பதில் வந்தது. யாரையா உங்களிடம் மினுங்காத படம் கேட்டது?

அரவிஸ் என்று இலவச, திறமூல நூலகம் ஒன்று இருக்கிறது. கேமராவின் கட்டுப்பாடு போனால் அது தனியாக ஒரு சமிக்ஞை தரும், வழியில் தரவுப் பாக்கெட் தொலைந்து அரைகுறையாக வந்த படத்துக்கும் அப்படியே குறி போட்டுக் கொடுக்கும். ஆனால் நம் நிரலுக்குள் திரையில் காட்டுகிற பாகத்தை நாமே எழுத வேண்டும். அந்த 12 பிட் வித்தையெல்லாம் கிடைக்காது.

கடைசியில் நாங்களே ஒட்டுப் போட்டோம். ஒவ்வொரு படத்தோடும் வரும் வரிசை எண்ணைத் திரையின் மூலையில் பெரிதாகக் காட்டுகிறோம். எண் நகரவில்லை என்றால் திரை முழுக்கச் சிவப்பு, எண்ணிக்கை நிறுத்தம். அதிலும் ஒரு கூத்து. பழைய ஜிகி விஷன் கேமராக்களில் அந்த எண் 65,535 வரை போய் மறுபடி 1-க்கு வரும். வினாடிக்கு 10 படம் என்றால் 110 நிமிடத்துக்குள் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இந்த மென்பொருளின் 'தொலைந்த படங்கள்' கட்டத்தில் மைனஸ் அறுபத்தையாயிரத்துச் சொச்சம் என்று விழுகிறது. தொலைந்தது மைனஸ் என்றால் எங்கிருந்தோ படம் கொண்டுவந்து போட்டதா?

அண்ணே, வாங்காதீங்க. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். நீங்க ஏன் இரண்டாவது மேசைக்கும் அதே உரிமம் வாங்கினீங்க என்று கேட்பீங்க. மண் உருண்டையைப் பிடிக்க எனக்கு வேற வழி தெரியலை. நீங்களும் உளுந்துதான் ஓட்டுறீங்க, எப்படியும் வாங்கத்தான் போறீங்க. வாங்கினா கேமரா பக்கம் திருகாணி வைத்துப் பூட்டுகிற கேபிளாப் பார்த்து வாங்குங்க. எங்க சிவப்புத் திரை நிரலை அனுப்பி வைக்கிறேன்.