மஞ்சக்குப்பத்து வெயிலுக்கு ஒரு ரைசன் 5600

மார்கழியில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் கேமராவுக்கு ஓய்வு. என் வீட்டுக்காரர் கல்யாணம் படம் எடுப்பார், நான் மிக்ஸிங், அதாவது வீடியோ எடிட்டிங் செய்வேன். திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாள் என்றால் வரிசையாகக் கல்யாணம் நடக்கும். ஒரே காலையில் இரண்டு ஜோடிக்கு ஓடி ஓடி எடுத்துவிட்டு, பை நிறைய மெமரி கார்டோடு வந்து நிற்பார். அதற்கு அடுத்த பத்து நாள் என் வேலை. தை பிறந்துவிட்டால் கணினியைப் பிரித்துப் பார்க்கக்கூட நேரம் கிடைக்காது. அதனால் மாற்றுவது என்றால் மார்கழிதான் என்று முடிவு செய்து, போன மார்கழியில் ஏஎம்டி ரைசன் 5 5600 பிராசசர் (கணினியின் மூளை) வாங்கினேன். தை, சித்திரை, வைகாசி, ஆவணி என நான்கு மாத முகூர்த்தங்களும் அதில் ஓடிவிட்டன. இப்போது எழுதினால் சரியாக இருக்கும்.

என்னிடம் அதுவரை இருந்தது ஏஎம்டியின் பழைய எஃப்எக்ஸ்-6300 பிராசசர். அதுவும் ஆறு கோர், அதாவது உள்ளே ஆறு வேலையாள் மாதிரி, இதுவும் ஆறு கோர். ஆனால் பழையதில் இரண்டிரண்டு கோராக மூன்று ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் தசமக் கணக்குப் போடும் பகுதி ஒன்றுதான். வீடியோ எடிட்டிங்கில் கலர் மாற்றுவது, டிஸ்ஸால்வ் போடுவது எல்லாம் பெரும்பாலும் அந்தக் கணக்குதான். ஒரு வீட்டில் ஆறு பேர் சமைக்கத் தயாராக இருந்து, அடுப்பு மூன்று மட்டும் இருந்தால் எப்படியோ அப்படி. ரைசனில் ஆளுக்கு ஓர் அடுப்பு உண்டு, அது போக ஒவ்வொரு கோரும் ஒரே சமயத்தில் இரண்டு வேலையைப் பார்க்கும் என்பதால் 12 த்ரெட். ஒரு மணி நாற்பது நிமிடக் கல்யாண டைம்லைன், சிபியூவிலேயே (பிராசசரிலேயே) என்கோட் செய்து முழு வீடியோ ஃபைலாக ரெண்டர் எடுத்தால், பழையதில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதில், எந்த மாற்றமும் செய்யாமல், 1 மணி 22 நிமிடம். இதை முதல் தடவை பார்த்தபோது ஃபைல் பாதியில் நின்றுவிட்டதோ என்று கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன். முழுசாக இருந்தது.

எதை வாங்குவது என்பதில்தான் அதிகம் குழம்பினேன். கடலூரில் ஒரு கடையில் 5600 கேட்டால், "அக்கா, 5500 எடுத்துக்குங்க, ரெண்டும் ஒண்ணுதான், நூறு நம்பர்தான் வித்தியாசம்" என்றார்கள். ஒன்று இல்லை. இரண்டும் 2022 ஏப்ரலில் வந்தவை, இரண்டும் ஆறு கோர், இரண்டும் 65 வாட் என்பதெல்லாம் உண்மை. ஆனால் 5600-இல் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம், 32 எம்பி, 5500-இல் பாதி, 16 எம்பி. கிராஃபிக்ஸ் கார்டு இணைகிற பிசிஐஇ வழி 5500-இல் 3.0 மட்டும், 5600-இல் 4.0. உள்ளே இருக்கும் சில்லே வேறு. 5500 என்பது, உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் 5600ஜி-இன் சில்லில் கிராஃபிக்ஸை அணைத்து வருவது. பெயரில் அடுத்தடுத்த எண் இருப்பதால் கடைக்காரரே ஏமாந்திருக்கலாம், குறை சொல்லவில்லை. வாங்குபவர் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

5600எக்ஸ் வேண்டுமா என்றும் கேட்பார்கள். அது 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும், 5600 நான்கு புள்ளி நான்கு. அதே சில்லுதான். அந்த 200 மெகாஹெர்ட்ஸை நாமே பயாஸில் (கணினி எழும்போது திறக்கிற அமைப்புப் பக்கம்) எடுத்துக்கொள்ளலாம், அதற்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இன்டெல் பக்கம் ஐ5-12400எஃப் இருந்தது. அதுவும் ஆறு கோர், 12 த்ரெட். வேகத்தில் இதற்குச் சளைத்தது இல்லை. ஆனால் மல்டிப்ளையர், அதாவது வேகத்தை முடிவு செய்யும் பெருக்கல் எண், பூட்டப்பட்டது, நாம் கை வைக்க முடியாது. என்னிடம் ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு ஏற்கெனவே இருந்ததால் 5600-இல் கிராஃபிக்ஸ் இல்லாததும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. கார்டு இல்லாதவர்கள் 5600 வாங்கி வந்து மானிட்டரை மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகத்தான் இருக்கும், இதை மறந்துவிட வேண்டாம்.

கடைசியில் பஸ் ஏறி புதுச்சேரிக்குப் போய், பெட்டியோடு, சீல் உடையாமல் வாங்கினேன். பன்னிரண்டாயிரத்துக்குள் வந்தது. பெட்டி இல்லாமல் டிரேயில் வருவதைச் சில இடங்களில் ஐந்நூறு, எழுநூறு குறைத்துத் தருகிறார்கள். பெட்டியில் வருவதற்கு மூன்று வருட வாரண்டி உண்டு, கூடவே ஃபேனும் வரும். நான் அந்த ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க விரும்பவில்லை. மதர்போர்டு பி550 ரகம். ஓவர்கிளாக் செய்ய, அதாவது வேகத்தை நாமே ஏற்ற, நினைப்பவர்கள் ஏ520 போர்டு பக்கம் போகாதீர்கள், அதில் பிராசசரை ஓவர்கிளாக் செய்யவே முடியாது. பி450-இல் முடியும், ஆனால் பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸ் புதுப்பிக்காமல் 5600-ஐ அதற்கு அடையாளம் தெரியாது.

பூட்டும்போது என் அக்கா மகன் உடன் இருந்தான், புதுச்சேரியில் இன்ஜினியரிங் படிக்கிறான். ஏஎம்4 பிராசசரில் கால்கள் சாக்கெட்டில் இல்லை, பிராசசரின் அடியிலேயே இருக்கின்றன, மொத்தம் 1331. ஓரத்தில் இரண்டு விரலால் மட்டும் பிடித்து, மூலையில் இருக்கும் சின்னத் தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானாகவே உட்காரும். அழுத்தவே கூடாது. கொலுப் படியில் மண் பொம்மையை வைக்கிற மாதிரி வைத்தேன், பொத்தென்று இறங்கியது. அப்புறம் லீவர். கூட வந்த ஃபேனைப் பூட்டத்தான் நேரம் எடுத்தது. போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்றினால் பின்பக்கத் தகடு கழன்று விழும். ஒருவர் பின்னால் தகட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நான்கு ஸ்க்ரூவையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே பக்கம் முழுசாக முடுக்கினால் பேஸ்ட் ஒருபக்கமாக ஒதுங்கிவிடும். தனியாக இருப்பவர்கள் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ராம் இரண்டு 16 ஜிபி, டிடிஆர்4 3600. பிராசசரில் இருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடாவிட்டால் 3600 என்று காசு கொடுத்து வாங்கியது 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். 3600 போட்டால் பிராசசரின் பகுதிகளை உள்ளே இணைக்கும் ஃபேப்ரிக் என்ற பாதையும் அதற்குச் சரிபாதியாக 1800-இல் சேர்ந்து ஓடும். ரைசன் வாங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது கைக்குத் தெரிகிற வித்தியாசம் இதில்தான் கிடைத்தது.

சரி, ஓவர்கிளாக்.

மார்கழியில் முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான். மல்டிப்ளையர் 46, வோல்டேஜ் 1.3, ஆறு கோரும் 4.6 கிகாஹெர்ட்ஸில் பூட்டு. பெட்டியோடு வந்த ஃபேன் இதற்குத் தாங்காது என்று இரண்டாயிரம் ரூபாயில் 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் கூலர் போட்டோம். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை பத்து நிமிடம் ஓடியது, 78 டிகிரி. ரெண்டர் 1 மணி 16 நிமிடம். "சித்தி, காசில்லாம 5600எக்ஸ்-ஐயே தாண்டியாச்சு" என்று சொல்லிவிட்டு அவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். எனக்கும் சந்தோஷம்தான். தை முழுக்க ஒரு பிரச்சினை இல்லை.

அக்னி நட்சத்திரம் வந்தது. எங்கள் எடிட் ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது, ஏசி இல்லை. மஞ்சக்குப்பத்தில் மதியம் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் பிழைத்தோம். அது தாமதமாகிற நாளில் சுவரைத் தொட்டாலே சுடும். அப்படி ஒரு நாள், நெல்லிக்குப்பத்துப் பெண் வீட்டார் சாயங்காலம் பென் டிரைவ் வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டரை மணி, ரெண்டர் 91 சதவீதம், திரை அணைந்து கணினி மறுபடி முதலில் இருந்து எழுந்தது. மறுபடி போட்டேன், 60-இல் போனது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த, பிராசசர் சூட்டைக் குறித்து வைக்கும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ பதிவைத் திறந்து பார்த்தால் 88, 89, 89, கடைசி வரியில் 90. சுவரில் இருந்த தெர்மாமீட்டர் 37. அந்த வீட்டார் வந்து ஒன்றரை மணி நேரம் கீழே உட்கார்ந்திருந்தார்கள். காபி கொடுத்தோம், ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நடந்தது என்ன என்று அப்புறம்தான் நிதானமாகப் புரிந்தது. இந்த பிராசசர் தன் இயல்பில் 76 வாட்டுக்கு மேல் இழுக்காது, சூடு ஏறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 4.6 என்று நாம் பூட்டினால் அந்த 76 வாட் வரம்பு போய்விடுகிறது. என் கணினியில் அது நூறு வாட்டைத் தொட்டது. கூடவே, சூடான சில்லுக்கு அதே வேகத்தில் ஓட இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் தேவைப்படும். மார்கழியில் 1.3 போதுமாக இருந்தது, கத்திரியில் போதவில்லை. வோல்டேஜை ஏற்றினால் சூடு இன்னும் ஏறும். ஆறு நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் அந்த வட்டத்துக்குள் நான் ஏன் போக வேண்டும்?

பூட்டை எடுத்துவிட்டு கர்வ் ஆப்டிமைசருக்கு வந்தேன். பயாஸில் பிபிஓ என்ற பகுதிக்குள் இருக்கும். இது வேகத்தை ஏற்றச் சொல்வதில்லை, ஒவ்வொரு கோருக்கும் கொடுக்கிற வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வது. அதே 76 வாட்டுக்குள் வோல்டேஜ் குறைந்தால், மிச்சமாகும் இடத்தில் பிராசசர் தானே வேகம் ஏறிக்கொள்ளும். எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 போட்டேன் (எண் கூடினால் குறைப்பும் கூடும்). ரெண்டர், சினிபெஞ்ச் எல்லாம் அருமையாக ஓடின. அடுத்த நாள் காலை, ஒரு வேலையும் இல்லாமல் டெஸ்க்டாப் மட்டும் திறந்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனது.

இந்த இடத்தில்தான் பலர் ராமையோ மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையோ சந்தேகப்பட்டுக் காசு செலவழிக்கிறார்கள். கர்வ் ஆப்டிமைசர் தப்பாக இருந்தால் பெரும்பாலும் முழு லோடில் விழாது, சும்மா இருக்கும்போதுதான் விழும். ஏனென்றால் லோடு இல்லாதபோது ஒரே ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் துள்ளி எழும், அந்த நொடியில் குறைத்த வோல்டேஜ் போதாமல் போகும். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூயரில் வியா-லாகர், 18 என்று (வன்பொருள் பிழை) சிவப்பில் ஒரு வரி இருந்தது. அதில் இருக்கும் எண்ணை வைத்து எந்தக் கோர் என்று தேடலாம். கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோராகத் தனித்தனியே சோதிக்கும். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். மாட்டியது மூன்றாவது கோர், இருப்பதிலேயே வேகமான கோர் அதுதான். நல்ல கோருக்குத் தொழிற்சாலையிலேயே வோல்டேஜ் ஒட்டக் கொடுத்திருப்பார்கள், அதில் குறைக்க இடம் அதிகம் இருக்காது. அதற்கு மைனஸ் 12, மற்ற ஐந்துக்கும் மைனஸ் 25 என்று வைத்தேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை. உங்கள் பிராசசருக்கு இந்த எண்கள் பொருந்தாது, நீங்களே தேடித்தான் எடுக்க வேண்டும்.

ரெண்டர் இப்போது 1 மணி 18 நிமிடம். பூட்டி வைத்ததைவிட இரண்டு நிமிடம் அதிகம், வாங்கியபடியே ஓட்டியதைவிட நான்கு நிமிடம் குறைவு. கத்திரியின் கடைசி வாரம், அதே அறை, அதே மதியம், 72 டிகிரியைத் தாண்டவில்லை. இன்னும் மேலே துள்ள பிபிஓ-வில் கூட்டல் 200 மெகாஹெர்ட்ஸ் போடவும் இடம் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன், என் வேலையில் ஒரு வித்தியாசமும் தெரியாததால் எடுத்துவிட்டேன். ஒன்று நினைவில் இருக்கட்டும்: கர்வ் ஆப்டிமைசர் உட்பட இவை எதற்கும் ஏஎம்டி வாரண்டி கிடையாது.

குறை என்றால் ஒன்று சொல்ல வேண்டும், அது எங்கள் தொழில்காரர்களுக்கு மட்டும். இப்போது வரும் புதுக் கேமராக்கள் பல, 4:2:2 10-பிட் ஹெச்இவிசி என்ற, நிறத் தகவல் அதிகம் இருக்கும் வீடியோ முறையில் எடுக்கின்றன. அந்த ஃபுட்டேஜை 5600-உம் 1650 கார்டும் சேர்ந்தால்கூட டைம்லைனில் வழுக்கிக்கொண்டு ஓட்ட முடியாது, திக்கும். ஐ5-12400-இல், எஃப் இல்லாததில், உள்ளே இருக்கும் குயிக் சிங்க் என்ற வீடியோ பகுதி அதை நேராகவே பிரித்துவிடும். என் வீட்டுக்காரரின் கேமரா பழையது என்பதால் எனக்கு இந்தச் சிக்கல் இன்னும் வரவில்லை. புதுக் கேமரா வாங்கியவர், வாங்கப் போகிறவர், ஓவர்கிளாக் பற்றி யோசிக்காமல் அந்த 12400-ஐ எடுங்கள். பழைய 8-பிட் ஃபுட்டேஜும் கையில் ஒரு கார்டும் இருப்பவர்கள் தயங்காமல் 5600 எடுக்கலாம்.

தேவனாம்பட்டினம் கடல் எங்களுக்குப் பக்கம் என்பதால் கூலரின் தகடுகளில் படிகிற தூசி மற்ற ஊர்த் தூசி மாதிரி ஊதினால் போகாது. உப்பும் ஈரமும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டும். அமாவாசைக்கு அமாவாசை வீட்டைத் துடைக்கும்போது பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, ஒரு இன்ச் பெயின்ட் பிரஷ்ஷால் தகடுகளுக்கு நடுவே மேலிருந்து கீழாக இழுத்துவிடுகிறேன். ஆடியில் ஒரு அமாவாசை தவறிப்போனது. அடுத்த மாதம் துடைத்த பிறகு அதே ரெண்டரில் ஐந்து டிகிரி குறைந்தது.