ஒரே மைத்துனர், மூன்று வழிகள்: வருமான வரிக் கணக்கை யார் கையில் கொடுப்பது?

என் தங்கையின் கணவர் ஓசூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். ஆண்டுச் சம்பளம் ஒன்பது லட்சத்தைச் சுற்றி இருக்கும். மூன்று ஆண்டுகளில் மூன்று வழிகளில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டார். 2023-ல் தெருமுனை ஆடிட்டர், 2024-ல் ஒரு தனியார் இணையதளம், 2025-ல் வருமான வரித் துறையின் தளத்தில் தாமே. குடும்பத்தில் கணக்கு தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதால் மூன்றையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது. ஜூலை பிறந்ததும் "எது நல்லது?" என்று கேட்டு வருகிற உறவினர்களிடம் வாயால் சொல்லிவந்ததை இந்த முறை எழுதிவைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம், ஓய்வூதியம், வங்கி வட்டி, இவை மட்டும் உள்ளவர் யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. பங்குகளை வாங்கி விற்கிறவர் தனியார் தளத்துக்குப் போகலாம். கடையோ தொழிலோ நடத்துகிறவர் நல்ல ஆடிட்டரை விடக் கூடாது. எந்த வழியில் போனாலும் கட்டணம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. துறை உங்களுக்கு அனுப்பும் செய்தி யாருடைய கைபேசியில் போய் விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதை நாங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

தெருமுனை ஆடிட்டர்

நம் ஊரில் வரிக் கணக்கு எழுதிக்கொடுக்கிற எல்லோரும் ஆடிட்டர்தான். பட்டயக் கணக்காளர் ஆடிட்டர், வரி ஆலோசகர் ஆடிட்டர், ஜெராக்ஸ் கடையில் கணினி வைத்திருப்பவரும் ஆடிட்டர். மைத்துனர் போனது மூன்றாவது வகைக்குச் சற்று மேலே. மேசை முழுக்கப் பிளாஸ்டிக் உறைகள், ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் எழுதிய ஒரு பெயர். உள்ளே ஃபார்ம் 16 என்கிற, நிறுவனம் தரும் சம்பள, வரிப்பிடித்தச் சான்று, பான் அட்டை நகல், ஆதார் நகல். உதவியாளர் பையனிடம் நீளமான ஒரு நோட்டு. அதில் ஊரார் அத்தனை பேரின் கடவுச்சொல்லும் வரிசையாக இருந்தது. பெரும்பாலும் ஒரே கடவுச்சொல், கடைசி எண்கள் மட்டும் வேறு. ஆயிரம் ரூபாய் கட்டணம், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. "ரீஃபண்ட் கொஞ்சம் கூடுதலாகவே வரும் சார்" என்றார்கள். வந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

கூடுதல் எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கழிவுகளைக் காட்டி வரியைக் குறைக்க இடம் தரும் பழைய வரிமுறையில் 80ஜிஜிசி என்று ஒரு பிரிவு உண்டு, அரசியல் கட்சிக்குக் கொடுத்த நன்கொடைக்கு விலக்கு. தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் வசூலுக்கு வந்தாலே கதவைச் சாத்துகிற என் மைத்துனர், 60,000 ரூபாய் நன்கொடை கொடுத்ததாக அந்தக் கணக்கில் இருந்தது. 20 சதவீதப் படியில் இருந்தவருக்கு அதனால் மிச்சமான வரி, வரி மேல் வரியான செஸ்ஸையும் சேர்த்து 12,480 ரூபாய்.

இது அவர் ஒருவருக்கு நடந்ததல்ல. 2025 ஜூலை 14 அன்று இப்படிப் பொய்க் கழிவு காட்டிக் கணக்கு எழுதும் முகவர்களைக் குறிவைத்து, நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் வருமான வரித் துறை சரிபார்ப்பு நடவடிக்கையில் இறங்கியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்கான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாகத் துறை அப்போது சொன்னது. வீட்டு வாடகைப் படி, மருத்துவக் காப்பீடு, கல்விக் கடன் வட்டி, நன்கொடை ஆகியவற்றில்தான் அதிகம் விளையாடியிருக்கிறார்கள். அந்த அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. மொத்தமாகக் கணக்குத் தாக்கல் செய்வதற்கென்றே முகவர்கள் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைத் தொடங்கி, வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். துறையின் நோட்டீஸ்கள் அங்கே படிக்கப்படாமல் கிடக்கின்றன.

மைத்துனருக்கு எப்படித் தெரிந்தது? அது அடுத்த வழியின் கதை.

தனியார் இணையதளம்

2024-ல் கொஞ்சம் பரஸ்பர நிதி யூனிட்டுகளையும் பங்குகளையும் விற்றிருந்தார். விற்ற லாபம், அதாவது மூலதன ஆதாயம், வந்துவிட்டதால் எளிய கணக்குப் படிவமான ஐடிஆர்-1 போதாது, ஐடிஆர்-2 வேண்டும். ஒவ்வொரு பங்கையும் வாங்கிய விலை, விற்ற விலை, தேதி என்று அட்டவணையில் ஏற்ற வேண்டும். அதைக் கையால் செய்வது தண்டனை. துறையிடம் மின் தாக்கல் இடைத்தரகர்களாகப் பதிவு பெற்ற தனியார் தளங்கள் வாங்குகிற காசுக்கு வேலை செய்வது இந்த இடத்தில்தான். ஃபார்ம் 16-இன் பிடிஎஃப்பை ஏற்றினால் சம்பளப் பகுதி நிரம்பிவிடுகிறது. பங்குத் தரகரிடம் வாங்கிய லாப நட்டக் கோப்பை ஏற்றினால் ஆதாயப் பகுதியும் நிரம்பிவிடுகிறது. பழைய வரிமுறையில் எவ்வளவு, விகிதம் குறைந்து பெரும்பாலான கழிவுகள் இல்லாத புதியதில் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியது. சம்பளத்துக்கு மட்டும் பழையதில் 54,600, புதியதில் 41,600. சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் கழிவு தரும் 80சி பிரிவை முழுக்க நிரப்பியவருக்கே புதியது லாபம் என்று தெரிந்தபோது, இத்தனை ஆண்டுகள் வரிக்காகவே கட்டிய காப்பீட்டுப் பிரீமியங்களை நினைத்து அவர் சிறிது நேரம் பேசவில்லை.

குறை என்று பார்த்தால், இலவசம் என்று அழைத்துப் போய்க் கடைசிப் படியில் கட்டணம் கேட்டது. மூலதன ஆதாயம் இருந்தால் வேறு திட்டம், நிபுணரிடம் பேச வேண்டுமானால் அதற்கு மேல் ஒன்று. நாற்பது நிமிடம் தட்டச்சு செய்தவர் அந்த இடத்தில் திரும்பிப் போக மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, உங்கள் சம்பளம், சேமிப்பு, கடன் என்று எல்லாமே ஒரு வணிக நிறுவனத்தின் கையில் போய்ச் சேர்கிறது. அதன் பிறகு கடன் அட்டை வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று அழைப்புகள் வருவதைத் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஆனால் அந்தத் தளம் அறியாமல் ஒரு நல்லது செய்தது. அவருக்காகத் தாக்கல் செய்ய, துறையின் பதிவில் உள்ள கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கேட்டது. காத்திருந்தார், வரவில்லை. பார்த்தால், பதிவில் இருந்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அந்த ஆடிட்டர் அலுவலகத்துடையவை. ஆதார் வழியாகக் கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போய்த் தம் எண்ணைப் பதிந்தார். 2025 பிப்ரவரியில் துறையிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: நீங்கள் கோரிய கழிவுகளைச் சரிபாருங்கள். எண்ணை மாற்றாமல் இருந்திருந்தால் அதுவும் யாருடைய கைபேசியிலோ கிடந்திருக்கும்.

2023-ல் ஆடிட்டர் எழுதியதற்குப் புதுப்பித்த கணக்கு, அதாவது ஐடிஆர்-யு, தாக்கல் செய்தார். 12,480-ஐத் திருப்பிக் கட்டி, வட்டியும் கட்டி, இரண்டையும் சேர்த்த தொகை மேல் 25 சதவீதம் கூடுதல் வரியும் கட்டினார். மார்ச் 31 தாண்டியிருந்தால் அது 50 சதவீதம். துறையே கண்டுபிடித்துத் தவறான தகவல் என்று முடிவு செய்திருந்தால் அபராதம் வரியைப் போல இரு மடங்கு. ஆடிட்டரிடம் போய்க் கேட்டதற்கு, "கையெழுத்து உங்களுடையதுதானே சார்" என்றார்களாம். சட்டப்படி அது உண்மை என்பதுதான் எரிச்சல்.

துறையின் தளம்

இப்போதுள்ள தளம் 2021 ஜூன் 7-ல் வந்தது. இன்ஃபோசிஸ் கட்டியது. தொடக்கத்தில் கோளாறுகள் மலிந்து, நிதியமைச்சகம் அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை ஆகஸ்டில் நேரில் அழைத்து விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனது. அந்தக் காலத்தில் பயந்து விலகிய பலர் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கலாம், இது இப்போது வேறு தளம். சம்பளம், ஏற்கெனவே பிடித்தம் செய்த வரி, வங்கி வட்டி என்று பாதிக்கு மேல் நிரப்பியே தருகிறது. கட்டணம் கிடையாது.

2025-ல் மைத்துனருக்கு இன்னொரு வசதியும் கிடைத்தது. பட்டியலிட்ட பங்குகளிலும் பங்குசார் நிதிகளிலும் நீண்டகால ஆதாயம் 1.25 லட்சத்துக்குள் இருந்து, முன்கொண்டு செல்லும் நட்டம் எதுவும் இல்லையென்றால் ஐடிஆர்-1 போதும் என்று அந்த ஆண்டு படிவத்தை மாற்றினார்கள். ஓர் இரவு சாப்பாட்டு மேசையில் ஒரு மணி நேரத்தில் முடித்தார். அதில் அரை மணி நேரம் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையைப் படிப்பதில் போனது. போக வேண்டியதுதான். ஃபார்ம் 16 நிறுவனம் சொல்லும் கதை. ஏஐஎஸ் உங்களைப் பற்றி ஊரே துறையிடம் சொல்லியிருக்கும் கதை. மறந்துபோன வைப்பு நிதியின் வட்டி, நூற்றிச் சொச்சம் ரூபாய் ஈவுத்தொகை எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பிடிஎஃப்பைத் திறக்கும் கடவுச்சொல் எதுவென்று ஆண்டுதோறும் யாராவது என்னைக் கேட்கிறார்கள்: பான் எண்ணைச் சிற்றெழுத்தில் அடித்து, ஒட்டினாற்போல் பிறந்த தேதி.

சொந்தமாகச் செய்கிறவர் இடறும் இடம் ஒன்று உண்டு. தாக்கல் செய்தாயிற்று என்று தளம் சொன்னதும் கணினியை மூடிவிடுவார்கள். சரிபார்ப்பு முடியாமல் அது கணக்கே ஆகாது. முப்பது நாளுக்குள் ஆதார் ஓடிபி வழியாகவோ நெட் பேங்கிங் வழியாகவோ உறுதி செய்ய வேண்டும். முடியாதவர்கள் ஐடிஆர்-வி என்னும் ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்திட்டுப் பெங்களூரு 560500-க்கு விரைவு அஞ்சலில் அனுப்பலாம். முப்பது நாள் தாண்டினால் உறுதி செய்த தேதியே தாக்கல் தேதி ஆகிவிடும். அது காலக்கெடுவுக்குப் பின்னால் விழுந்தால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் 1,000. தாமதமான கணக்கில் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. வீட்டுக் கடனும் 80சி-யும் வைத்துக் கணக்குப் போட்டிருப்பவருக்கு அந்த இழப்பு 5,000-ஐவிடப் பெரிதாக இருக்கலாம்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது: இனிஷியல். பான் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை ஏற்க மாட்டார்கள், அதனால் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. பானில் முருகேசன் கோவிந்தன், ஆதாரில் கோ. முருகேசன், வங்கிப் புத்தகத்தில் முருகேசன் ஜி. மூவரும் ஒருவரே என்று ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். மைத்துனரின் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இதற்காக வங்கிக்கு மூன்று முறை நடந்தார். மூன்றாவது முறை எழுத்தராக இருந்தவர் அவருடைய பழைய மாணவர். அன்றே முடிந்தது. ஆடிட்டரிடம் போயிருந்தாலும் இந்த நடை மிச்சமாகியிருக்காது. பெயரை வங்கியில்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு சிறு சந்தேகங்கள். வரியே இல்லை, தாக்கல் வேண்டுமா? விலக்குகளுக்கு முந்தைய வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால் வேண்டும். 2025-26 நிதியாண்டில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பது தள்ளுபடியால் வருவது. புதிய முறையில் அடிப்படை வரம்பு நான்கு லட்சம்தான், அதைத் தாண்டியவர் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும். வருமானம் வந்த நிதியாண்டா, அதற்குக் கணக்குக் கொடுக்கும் அடுத்த ஆண்டான மதிப்பீட்டு ஆண்டா என்ற குழப்பமோ ஓயப்போகிறது. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் இரண்டுக்கும் பதில் 'வரி ஆண்டு' ஒன்றுதான்.

யார் எங்கே போகலாம்

தலைமையாசிரியரைப் போல ஓய்வூதியமும் வட்டியும் மட்டும் உள்ளவருக்குத் துறையின் தளமே போதும். பக்கத்தில் கண்ணாடி போட்ட பேரனோ பேத்தியோ இருந்தால் இன்னும் நல்லது. ஆண்டு முழுக்கப் பங்கு வாங்கி விற்கிறவர் தனியார் தளத்துக்குக் காசு கொடுக்கலாம், ஆனால் அனுப்பும் முன் ஏஐஎஸ்ஸோடு தாமே ஒப்பிட வேண்டும். ஜூன் பாதிக்கு முன் அவசரப்படவும் வேண்டாம். நம்மிடம் வரி பிடித்தம் செய்த நிறுவனமும் வங்கியும் அந்தப் பிடித்தத்தின் கணக்கை மே 31 வரை கொடுக்கலாம் என்பதால் அதற்கு முன் பதிவுகள் முழுமையாக இருக்காது.

என் தங்கை தையல் கடை வைத்திருக்கிறாள். விற்பனையில் ரொக்கத்துக்கு 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று உத்தேசக் கணக்கில் ஐடிஆர்-4 போகிறது. தொழில் வருமானம் உள்ளவர் பழைய வரிமுறைக்குப் போக வேண்டுமானால் காலக்கெடுவுக்குள் 10-ஐஇஏ படிவம் கொடுக்க வேண்டும். சம்பளக்காரரைப் போல ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளவும் முடியாது. இதையெல்லாம் ஒரு பட்டயக் கணக்காளர்தான் பார்க்கிறார். பழைய இடம் இல்லை, வேறு இடம். முதல் நாளே "பதிவில் உங்கள் எண்தானே இருக்கிறது?" என்று அவரே கேட்டார். தாக்கலுக்கு முன் வரைவை அச்செடுத்துக் கொடுத்து, வீட்டில் படித்துவிட்டு வரச் சொன்னார். 2,500 ரூபாய் வாங்குகிறார். மைத்துனர் பேரம் பேசவில்லை.