கருப்பூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுவோர் கவனத்திற்கு

சேலத்தில் கல்லூரிச் சூழலோடு ஒரு வீடு வேண்டும் என்று தேடுவோர் பெரும்பாலும் கருப்பூருக்குத்தான் வருகிறார்கள். 1966இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகமும் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தப் பகுதியில் இருப்பதால், ஜெராக்ஸ் கடை, மெஸ், இளைஞர் நடமாட்டம் என்று ஒரு கலகலப்பு இருக்கும். பணி ஓய்வுக்குப் பின் நானும் மனைவியும் விரும்பியது அதைத்தான். அந்த விருப்பத்தை வைத்தே ஒரு தரகரும் வீட்டு உரிமையாளரும் எங்களை ஏமாற்றினார்கள்.

மே விடுமுறையில்தான் வீட்டைக் காட்டினார்கள். மொட்டை மாடிக் கொடியில் ஒரு துணிகூட இல்லை. "மேல ரெண்டு போர்ஷனும் பேமிலிதான் சார், லீவுக்கு ஊருக்குப் போயிருக்காங்க" என்றார் தரகர். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்ட பின் அவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. கல்லூரி திறந்த வாரத்தில் லாரியில் இரும்புக் கட்டில்கள் வந்து இறங்கின. மேல் இரண்டு தளங்களையும் உரிமையாளர் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் ஆண்கள் விடுதியாகவே நடத்திவந்தார். மாணவர்கள் மீது எனக்குக் குறையில்லை. கேஸ் சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

வீடு முழுவதற்கும் ஒரே போர், ஒரே தொட்டி; மோட்டார் சுவிட்ச் உரிமையாளர் வீட்டுக்குள். காலை ஏழு மணிக்கே தொட்டி வற்றிவிடும். அதன் பிறகு வரவழைக்கும் லாரித் தண்ணீரின் செலவை ஆள் கணக்கில் பிரிக்காமல் தளக் கணக்கில் பிரித்ததால், இரண்டே பேரான நாங்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினோம். மின்சாரத்திலும் இதே கதைதான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஊரறிந்தது. ஆனால் சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை வாங்கினார்கள். வாரிய ரசீதைக் கேட்டால் "அது எங்க கணக்கு" என்பார் உரிமையாளர்.

முன்பணம் பத்து மாத வாடகை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. எங்கள் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் அதற்கேற்ற ஒரு வரியை நுழைத்திருந்தார்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதை எடுத்துச் சொன்னபோது, பதினோரு மாதப் பத்திரத்துக்குப் பதிவெல்லாம் தேவையில்லை என்று அடித்துப் பேசினார் உரிமையாளர். காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று இரண்டு மாத வாடகையைக் கழித்தார். மீதியிலும் பாதிதான் கைக்கு வந்திருக்கிறது.

ஆகவே அந்தப் பக்கம் வீடு பார்ப்போர் கல்லூரி நடக்கும் நாட்களில், அதுவும் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். மாடிக்கு ஏறி, அங்கே குடியிருப்போரிடம் நேரில் பேசுங்கள். மின் இணைப்பு எண்ணை வாங்கிக்கொண்ட பிறகே முன்பணத்தைப் பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள். நாங்கள் காலி செய்த வீட்டில் "குடும்பத்தினருக்கு மட்டும், அமைதியான சூழல்" என்ற டு-லெட் பலகை மறுபடியும் தொங்குகிறது.