வீட்டுக் கல்வி: என்.ஐ.ஓ.எஸ்.ஸா, ஐ.ஜி.சி.எஸ்.இ.யா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்க வைக்கப்போகிறோம் என்றதும் மாமியார் கேட்டது: "பத்தாவது பரீட்சை எப்படிம்மா எழுதுவாங்க?" சரி என்று இரண்டு வழிகளை விசாரித்தோம்: ஒன்று என்.ஐ.ஓ.எஸ்., அதாவது மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்; மற்றது ஐ.ஜி.சி.எஸ்.இ., பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் பத்தாவதுக்கு இணையான தேர்வு.

செலவு: என்.ஐ.ஓ.எஸ். சில ஆயிரங்களில் முடியும். ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் பாடத்துக்குப் பாடம் கட்டணம்; மொத்தம் பல மடங்கு.

எழுதும் வசதி: என்.ஐ.ஓ.எஸ்.ஸில் 14 வயது நிறைந்தால் நாமே பதியலாம். ஐந்து பாடங்கள், 5 ஆண்டுகளில் 9 வாய்ப்புகள். தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டாம். கணக்கு என்றாலே கை நடுங்கும் என் மூத்தவளுக்கு இது பெரிய நிம்மதி. அப்புறம், தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். பெங்களூரில் வளரும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. ஐ.ஜி.சி.எஸ்.இ.க்கோ தனித்தேர்வர்களை ஏற்கும் பள்ளியைத் தேடிப் பிடிக்க வேண்டும். நாங்கள் நம்பியிருந்த பள்ளி கடைசி நேரத்தில் கைவிரித்தது.

பாட ஆழம்: ஐ.ஜி.சி.எஸ்.இ. கேள்விகள் நன்றாக யோசிக்க வைக்கின்றன. இதில் அதுதான் மேல்.

வெளிநாட்டுப் படிப்புதான் குறி, பணமும் இருக்கிறது என்றால் ஐ.ஜி.சி.எஸ்.இ. இங்கேயே பியூசி (கர்நாடகத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு), கல்லூரி என்றால் என்.ஐ.ஓ.எஸ். மூத்தவளை அதில்தான் பதிந்திருக்கிறோம்.